வராத மழையைத் துடைத்தவள்

"என் வண்டி பல்லைக் கடிக்குது, அம்மிணி. ஏன்னு சொல்லு."

மயிலாத்தாள் இப்படித்தான் ஆரம்பித்தாள். வண்டியை நிறுத்தியவள் கதவைக்கூடச் சாத்தவில்லை. நேராக வந்து நின்று கேட்டுவிட்டாள்.

கேட்கப்பட்டவள் பல்கீஸ். மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரிச் சாலை ஓரமாகக் கார் கண்ணாடி மாற்றும் கடை வைத்திருப்பவள். வயது முப்பத்தைந்து. மயிலாத்தாளைவிடப் பதினாலு வயது இளையவள்.

ஆனாலும் மலையேறும் டிரைவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, துணி வரும் என்பார்கள்.

பல்கீஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பல்லு, அக்கா?" என்றாள்.

"வைப்பருதான். போட்டா ஒட்டிக்கிட்டு நிக்குது, அப்புறம் துள்ளுது, மறுபடி ஒட்டிக்குது. தடதடதடன்னு ஒரே சத்தம். நாளைக்கு நான் மலையேறணும்."

நாளைக்கு என்று சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. கவலை பாதி, சந்தோஷம் பாதி. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தன.

கோத்தகிரியில் அவள் தங்கை வீடு கட்டியிருக்கிறாள். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பால் காய்ச்சுகிறார்கள். மயிலாத்தாளே வண்டியை ஓட்டிப் போகப்போகிறாள்.

அந்த மலையில் அவள் ஏறாத வருஷம் இல்லை. எல்லாம் பஸ்ஸில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கையில் எலுமிச்சம்பழமும் இன்னொரு கையில் பாலித்தீன் கவருமாக. முதல் வளைவு வந்தாலே வாந்தி. அந்த மலை எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்குக் கவரின் உள்பக்கம்தான் தெரியும்.

நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று வருஷமாகக் காரமடை, அன்னூர், சிறுமுகை என்று சமவெளியில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மலைக்கு இன்னும் திருப்பியதில்லை. நாளைக்குத் திருப்பப்போகிறாள். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அதுக்கும் வைப்பருக்கும் என்னக்கா?" என்றாள் பல்கீஸ்.

அதற்கும் இதற்கும்தான் முடிச்சு. நேற்றுச் சாயங்காலம் கொழுந்தன் தங்கவேலு வண்டியில் உட்கார்ந்து வந்தான். இருபது வருஷம் லாரி ஓட்டியவன். தூறல் வந்தது. வைப்பர் தடதடத்தது. "அண்ணி, இது வைப்பரா தையல் மிஷினா?" என்று கேட்டுச் சிரித்தான்.

சிரித்ததோடு விடவில்லை. மலையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இந்தச் சத்தத்திலேயே உங்களுக்குக் கை நடுங்கிவிடும் என்றான். நாளைக்கு ஒரு தடவை இந்தச் சத்தம் கேட்டாலும் ஓரமாக நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றான்.

மயிலாத்தாள் வீம்பில் சரி என்று சொல்லிவிட்டாள். புருஷன் ஆறுக்குட்டி சாட்சி.

பல்கீஸ் டீயை முடித்தாள். வண்டியின் முன்கண்ணாடியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விரல் பூனைக்குட்டி மாதிரிக் கத்தியது.

"என்ன பூசினீங்க?"

"சேப்பங்கிழங்கு இலையில தண்ணி உருளுமே, அப்படிக் கண்ணாடியிலயும் மழைத்தண்ணி உருண்டு ஓடும்னாங்க. ஒரு புட்டி மருந்து வாங்கிப் பூசினேன். எல்லாம் நாளைக்காகத்தான்."

"புட்டியில என்ன போட்டிருந்துது?"

"எழுத்தெல்லாம் இங்கிலீசு. படத்தைப் பார்த்தேன். முதல் படத்துல ஒரு கை துணியை வெச்சு வட்டமாத் தேய்க்குது. ரெண்டாவது படத்துலயும் அதே கை, அதே வட்டம். சரி, ரெண்டு தடவை பூசணும் போலன்னு பூசினேன்."

பல்கீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைக்குப் போற வண்டியாச்சே" என்றாள் மயிலாத்தாள், குரலை இறக்கி. "எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் ரெண்டு தடவை."

"முதல் படத்துல புட்டி இருந்துதாக்கா?"

"இருந்துது."

"ரெண்டாவதுல?"

மயிலாத்தாள் கண்ணை மூடி யோசித்தாள். மூடிய கண் சட்டென்று திறந்தது. "இல்லை. துணி மட்டும்தான்."

பல்கீஸ் அவள் கையில் ஒரு துணியைக் கொடுத்தாள். காய்ந்த துணி.

"பூசினதையா துடைக்கச் சொல்றே?"

"ஆமாக்கா."

"துடைக்கறதுக்கு எதுக்குப் பூசணும்?"

"துடைச்ச பின்னாலயும் இருக்கறதுதான் பூச்சு" என்றாள் பல்கீஸ்.

கண்ணாடி கழுவும் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

மயிலாத்தாள் துடைத்தாள். பாதி மனசோடுதான் துடைத்தாள். கண்ணாடி பளபளத்தது. போதுமா என்று திரும்பிப் பார்த்தாள்.

பல்கீஸ் குனிந்து கண்ணாடியில் வாயால் ஊதினாள். ஆவி படர்ந்த இடத்தில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் எழுந்தது. மயிலாத்தாளின் கை போன வழியெல்லாம் அதில் தெரிந்தது.

"துடைங்க."

துடைத்தாள். பல்கீஸ் ஊதினாள். வட்டம் இன்னும் இருந்தது.

"துடைங்க."

மூன்றாம் தடவை பல்கீஸ் ஊதவில்லை. மயிலாத்தாளே ஊதினாள். ஆவி ஒரே சீராகப் படர்ந்து, ஒரே சீராக மறைந்தது. வட்டம் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியின் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஓடி ஓடி ஊதினாள்.

பிறகு பல்கீஸ் வைப்பரைத் தூக்கி நிறுத்தினாள். ஈரத்துணியால் ரப்பர் விளிம்பைப் பிடித்து இழுக்கச் சொன்னாள். மயிலாத்தாள் இழுத்தாள். துணியில் மை தீட்டியது மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

"கண்ணாடிக்குப் பூசினது இதுலயும் ஏறியிருக்கா?" என்று அவளே கேட்டு, அவளே தலையாட்டி, கோடு விழாத வரைக்கும் இழுத்தாள்.

பல்கீஸ் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி, வைப்பரைப் போடச் சொன்னாள்.

போகும்போது சத்தம் இல்லை. திரும்பும்போது தடதட.

"பாருங்க" என்று பல்கீஸ் ரப்பரைக் காட்டினாள்.

மயிலாத்தாள் குனிந்து பார்த்தாள். போகும்போது ரப்பர் விளிம்பு பின்னால் சாய்ந்து, வாலை இழுத்துக்கொண்டு போவது மாதிரி போனது. திரும்பும்போதும் அதே பக்கமே சாய்ந்து கிடந்தது. சாய்ந்த பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்ததால் குத்திக் குத்தித் துள்ளியது.

"திரும்பறப்போ அது தலையைத் திருப்ப மாட்டேங்குது" என்றாள்.

பல்கீஸ் ஸ்பேனரால் வைப்பர் கையைப் பிடித்து எள்ளளவு முறுக்கினாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள். இப்போது ரப்பர் போகும்போது இந்தப் பக்கம் சாய்ந்தது, திரும்பும்போது அந்தப் பக்கம் சாய்ந்தது. சத்தமே இல்லை.

மயிலாத்தாள் கையைத் தட்டினாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

தட்டிய கை நிற்பதற்குள் தடதட என்றது.

அவள் முகம் விழுந்துவிட்டது. "போச்சு. மறுபடியும் வந்துடுச்சு. நாளைக்குச் சாவி போச்சு."

"கண்ணாடி மேல என்ன இருக்கு?" என்று கேட்டாள் பல்கீஸ்.

மயிலாத்தாள் பார்த்தாள். ஊற்றிய தண்ணீரெல்லாம் உருண்டு ஓடிவிட்டிருந்தது. "ஒண்ணுமில்லை."

"அப்ப எதைத் துடைக்குது?"

பல்கீஸ் உள்ளே கையை விட்டு வைப்பரை நிறுத்தினாள். பிறகு இன்னொரு கேள்வி கேட்டாள். "நேத்துத் தூறல்ல எப்ப வைப்பர் போட்டீங்க?"

மயிலாத்தாளுக்குப் பொய் சொல்ல வராது. தூறலுக்கு முன்பே போட்டுவிட்டாள். மலை மேல் மேகம் இறங்கியதைப் பார்த்ததுமே அவள் கை ஸ்டியரிங் பக்கத்து வைப்பர் குச்சியைத் தட்டிவிட்டது. எப்போதும் அப்படித்தான். மேகம் கறுத்தாலே கொடியில் காய்கிற துணியை ஈரத்தோடு எடுத்துவிடுவாள். தங்கை பிரசவத்துக்கு நாள் குறித்த உடனே போய்ப் பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"மழை வரும்னு போட்டேன்" என்றாள்.

"நீங்க மழையைத் துடைக்கறீங்களா, வரும்ங்கறதைத் துடைக்கறீங்களா?"

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தது. "நான் வைப்பரைப் பத்திக் கேட்டேன், அம்மிணி."

"நானும் வைப்பரைப் பத்தித்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, பல்கீஸ் அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வண்டி கிளம்பியது.

மயிலாத்தாள் அரக்குச் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ. பக்கத்தில் ஆறுக்குட்டி. பின்சீட்டில் தங்கவேலு, நடுவில் சாய்ந்து, சாவி தனக்கு எந்த நேரமும் வரலாம் என்கிற மாதிரி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு.

ஆறுக்குட்டி பழக்க தோஷத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் இரண்டு கவரும் கொண்டுவந்திருந்தான். அவற்றை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. யாரும் வாங்காததால் அவை பின்சீட்டுக்குப் போயின.

முதல் வளைவு வந்தது.

மயிலாத்தாள் ஹாரன் அடித்தாள், இரண்டாம் கியருக்கு வந்தாள், திருப்பினாள். வளைவு அவள் கையில் வந்து முழுசாகத் திரும்பிக்கொடுத்தது. வயிறு புரளவில்லை. அவளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆறுக்குட்டியைப் பார்த்தாள். அவன் கதவுப் பிடியைப் பிடித்திருந்தான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

இப்படி ஒரு மலை இங்கே இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கீழே பாக்குத் தோப்பு பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது. ஒரு பாறையின் மேல் குரங்கு ஒன்று குட்டியை மடியில் போட்டுப் பேன் பார்த்தது.

ஐந்தாறு வளைவு தாண்டியதும் மேகம் இறங்கியது.

அவள் கை தானாகக் குச்சிக்குப் போனது.

"போடுங்க அண்ணி" என்றான் தங்கவேலு. அவன் குரலில் ஒரு ஆவல் இருந்தது. அந்தச் சத்தத்துக்காக அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

முதல் துளி விழுந்தது. இரண்டாவது. பத்து. கண்ணாடியில் அவை முத்து முத்தாக நின்றன. முத்துக்களுக்கு நடுவே சாலை தெரிந்தது. ஓரத்துக் கல் தெரிந்தது. எதிரே வந்த பஸ்ஸின் நம்பர்கூடத் தெரிந்தது.

எதைத் துடைக்க என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். அந்தக் கை மறுபடி குச்சிப் பக்கம் போகப் பார்த்தது. ஆனாலும் அங்கேயே இருந்தது.

"போடுங்கன்னா" என்றான் தங்கவேலு.

"வரட்டும்" என்றாள்.

துளிகள் பெருத்தன. ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. சேர்ந்தவை கனம் தாங்காமல் வழுக்கி ஓடின. போன இடத்தில் கண்ணாடி சுத்தமாக இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நேற்றுத் துடைத்துத் துடைத்துப் போக்கியது போகாமல் அங்கேயே நின்று வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்த வளைவில் ஒரு காய்கறி லாரி சேற்றுத் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. மேலே மழையும் கொட்டத் தொடங்கியது. இப்போது சாலை தெரியவில்லை.

அவள் குச்சியைத் தட்டினாள்.

தட்டிவிட்டுச் சாலையைப் பார்த்தாள். சாலை தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் வைப்பரைப் பற்றி நினைக்கவில்லை. வளைவுகள்தான் இருந்தன. ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று.

பின்சீட்டில் பேச்சு நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. ஆறுக்குட்டி திரும்பிப் பார்த்தான். இருபது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தே மலையேறிய தங்கவேலு, பின்சீட்டில் உட்கார்ந்து மலையேறுவது இதுதான் முதல் தடவை. முகம் வெளுத்திருந்தது. கண்ணை இறுக்க மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்தியிருந்தான். மடியில் கவர் விரிந்திருந்தது.

மழை கூரையில் அறைந்தது. அவன் கண்ணைத் திறக்காமல் காதை மட்டும் தூக்கினான்.

"அண்ணி, இவ்வளவு மழைக்கு இன்னுமா வைப்பர் போடலை?"

"போட்டு மூணு வளைவு ஆச்சுங்க, கொழுந்தனாரே" என்றாள் மயிலாத்தாள்.