நாலாவது அலசல்

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. ஒரு மாதத்துக்குள் கழிவுநீரைப் பாதியாகக் குறைக்காவிட்டால் பூட்டிவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். மேலாளர் சிவப்பிரகாசம் ஆட்களைக் கூட்டினார்.

"புது மெஷின் இல்லாம இது யாராலயும் ஆகாது. வேலையைத்தான் பாதியாக் குறைக்கணும், பாதிப் பேர் வேற வேலை பார்த்துக்கங்க."

துணி அலசும் துளசிமணி எழுந்தாள். "ஆகுமுங்க. நாலு தடவை அலசறோம். கடைசி ரெண்டு தண்ணியும் தெளிவாத்தான் போகுது. அதைத் தொட்டியில பிடிச்சு, அடுத்த துணிக்கு முதல் ரெண்டு அலசலுக்கு விடலாமுங்க."

"பழைய தண்ணி பட்டா சாயம் திட்டுத்திட்டா நிக்கும். முப்பது வருசமா துணி பார்க்கிறேன், தூரத்திலிருந்தே சொல்லிடுவேன்."

"அப்ப நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்க."

மறுநாள் பட்டறை முதலாளியம்மா முன்னால் துளசிமணி இரண்டு நீலத் துணிகளை விரித்தாள். இதில் நல்ல தண்ணீரில் அலசியது எது என்று மேலாளரைக் கேட்டாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நல்ல தண்ணி. அதோ, அதுல திட்டு அப்பட்டமாத் தெரியுது."

"ரெண்டும் ஒரே துணிங்க. பழைய தண்ணியில அலசி, நடுவுல வெட்டிக் கொண்டாந்தேன்."

முதலாளியம்மா ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தாள். நூலுக்கு நூல் பொருந்தியது.

மேலாளருக்கு முகம் கறுத்தது. "இந்தத் திமிருக்கு உன்னை வேலையை விட்டே நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்க," என்றாள் துளசிமணி, துணியை அவர் கையில் கொடுத்து. "திட்டு எங்கேன்னு காட்டிட்டு நிறுத்துங்க."

மேலாளர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா தொட்டி கட்டக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினாள்.