சிலந்தியின் தவம்

மலையடிவார மண்டபத்தில் பேச்சியம்மாள் வந்து உட்கார்ந்திருப்பதாக டீக்கடைக்காரர் ஏறி வந்து சொன்னபோது, தியானத்தில் இருந்த திருமேனி கண்ணைத் திறக்கவில்லை. காதில் விழாத மாதிரி இருந்தார். ஆனால் நன்றாகவே விழுந்துவிட்டது.

"முழங்கால் வலியாம். படி ஏற முடியலையாம். நீங்க கீழே வந்தா ஒரு தடவை பாத்துட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவாங்களாம்."

டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார்.

பேச்சியம்மாள் திருமேனியின் மனைவி. ஒரே மகனை ஆறு கொண்டுபோன பிறகு, அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு மகன் முகம் தெரிந்தது. அதைத் தாங்க மாட்டாமல்தான் அரிசி ஆலையை அவள் பெயரில் எழுதி வைத்துவிட்டு மலைமேல் இருக்கிற ஆசிரமத்துக்கு வந்தார். அந்த வீட்டில் அவளுக்குப் பார்க்க யார் முகம் இருக்கிறது என்று இவர் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பதையே ஒரு பயிற்சியாக வைத்திருந்தார்.

பயிற்சியில் மனிதர் கெட்டிக்காரர்தான். முதலில் பேச்சைக் குறைத்தார். அப்புறம் உப்பை விட்டார். பிறகு வருகிறவர் போகிறவர் முகம் பார்ப்பதையும் விட்டார். மற்ற சீடர்கள் பந்தியில் சிரித்துப் பேசிச் சாப்பிட, இவர் தூணுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். யாராவது இருமினால்கூட மனசு அந்தப் பக்கம் ஓடும். அதையும் பிடித்து இழுத்து வந்து கட்டிப்போடுவார். ஈ காக்கை அண்டாத தனிமை. அதை ஞானம் என்று நம்பினார். வேறு என்னவென்று நம்புவார், பாவம்.

குரு உலகம்மைக்கு, திருமேனிக்கு ஒரு மகள் இருந்தால் என்ன வயதோ அந்த வயதுதான் இருக்கும். ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். சந்நியாசம் வாங்கியும் டீச்சர் புத்தி போகவில்லை என்று அடிவாரத்தில் ஒரு கேலி உண்டு. அவர் வந்து திருமேனியின் எதிரே நின்றார்.

"அண்ணாச்சி, கீழே வீட்டுக்காரங்க வந்திருக்காங்களாம்."

"தெரியும்மா. மனசு இழுக்கத்தான் செய்யுது. நான் உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்."

"சரி. இந்த மூலையை ஏன் பெருக்கலை?"

திருமேனியின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு மலர்ச்சி வந்தது. சுவரோரம் கிடந்த பெரிய சிலந்தி ஒன்றைக் காட்டினார்.

"அதைக் கலைக்கக் கூடாதுன்னுதான் விட்டேன். நேத்துச் சாயங்காலத்துல இருந்து தவத்துல இருக்கு. எட்டுக் காலையும் நெஞ்சோட ஒடுக்கிக்கிட்டு, ஒரு அசைவு கிடையாது. எனக்கே இன்னும் அந்த ஒடுக்கம் வரலைம்மா."

உலகம்மை சிரிக்கவில்லை. குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது செத்துப்போச்சு, அண்ணாச்சி."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"காலைப் பார்த்துத்தான்."

அதன் நெஞ்சுப் பகுதியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெல்ல அமுக்கினார். மடங்கிக் கிடந்த கால்கள் மெதுவாக விரிந்தன. திருமேனி திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். விரலைத் தளர்த்தியதும் கால்கள் பழையபடி மடங்கிக்கொண்டன.

"உயிர் இருக்கும்மா."

"இல்லை. நான் அமுக்கினேன், விரிஞ்சுது. அவ்வளவுதான்."

திருமேனிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நமக்குக் கையை மடக்க ஒரு சதை, நீட்ட ஒரு சதை," என்றார் உலகம்மை. "இதுக்கு எலும்பு கிடையாது. வெளியே இருக்கிற ஓடுதான் எலும்பு. காலுக்குள்ள மடக்கச் சதை இருக்கு. பெரிய மூட்டுகள்ல நீட்டுறதுக்குச் சதையே இல்லை."

"பின்னே எப்படி நடக்கும்?"

"நெஞ்சை இறுக்கி, ரத்தத்தைக் காலுக்குள்ள தள்ளும். ரத்தம் பாய்ஞ்சாத்தான் கால் நீளும். ஒவ்வொரு அடிக்கும் அப்படித் தள்ளியாகணும்."

"செத்துப்போனா?"

"தள்ள ஆளில்லை. கால் தானா மடங்கிரும்."

திருமேனி அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து எத்தனை தடவை அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயமாகவும் இருந்தது.

"அப்போ இந்த ஒடுக்கம்..."

"அதுக்கு உயிர் தேவையில்லை, அண்ணாச்சி. நீட்டுறதுக்குத்தான் தேவை."

வெளியே காற்று வீசியது. அடிவாரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது லேசாகக் கேட்டது. திருமேனி இந்தத் தடவை அந்தச் சத்தத்தை விரட்டவில்லை.

"கீழே போனா அவ அழுவா."

"அழுவாங்க."

"அவ அழுதா எனக்குப் பிள்ளை ஞாபகம் வரும்."

"வரும்."

"மறுபடியும் அந்த ஆத்தங்கரையில போய் நிக்கணுமேம்மா. என்னால ஆகுமா?"

"அவங்க அங்கேயேதான் நிக்காங்க. தனியா."

திருமேனி அழுகையை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கி நெஞ்சில் சொட்டியது. துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் போனார். விடியலிலிருந்து சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்த கால் எழும்ப மறுத்தது.

"காலு மரத்துப்போய்க் கிடக்கும்மா. என் காலு மாதிரியே இல்லை."

உலகம்மை அவர் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மெதுவா நீட்டுங்க. ரத்தம் வரும்போது வலிக்கும்."