கொடிச்சாறும் வயிற்று நீரும்

பேராசிரியர் உலகம்மாளிடம் ஒரே ஒரு மாணவர்தான் மிச்சம் இருந்தார். பெயர் நம்பிராஜன். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். இந்த வயதில் எதற்கு என்று மற்றப் பேராசிரியர்கள் திருப்பி அனுப்பியபோது, உலகம்மாள் மட்டும் சேர்த்துக்கொண்டார். நம்பிராஜன் அவரை மேடம் என்பார். அவர் நம்பிராஜனை சார் என்பார்.

மற்ற மாணவர்கள் வேறு ஆசிரியர்களிடம் மாறிப் போய்விட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

உலகம்மாளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, போய்விட்டது என்றார்கள். திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஏற்றிய மருந்து கேட்கவில்லை. வயிற்றில் நீர் கோத்தால் எடுத்துவிடலாம், வேறு ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நம்பிராஜன் ஆராய்ந்தது மலையடிவாரத்துக் கொடி ஒன்றை. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்துவிட்டு யாராவது காய்ச்சிக் குடித்துவிடக் கூடாது. அதன் வேரிலிருந்து அவர் பிரித்தெடுத்த சாறு, ஆய்வகத்தில் வளர்க்கும் சினைப்பைப் புற்றுச் செல்களைக் கொன்றது. செய்து பார்த்த ஒவ்வொரு முறையும் கொன்றது.

ஒரு நாள் அதைப் பழுப்பு நிற பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஆசிரியையின் வீட்டுக்குப் போனார். மழையைப் பற்றிப் பேசினார். கல்லூரியில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார். பிறகுதான் கேட்டார்.

"இதைக் குடிச்சுப் பாக்கலாமா மேடம்?"

"எலிக்குக் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"எலிக்கு முன்னாடி எனக்கா. பெரிய மரியாதைதான் சார்."

நம்பிராஜன் சிரிக்கவில்லை. உலகம்மாளின் கணவர் சண்முகவேலும் சிரிக்கவில்லை. அவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். ஆய்வகத்து விஷயம் எதுவும் தெரியாது. டாக்டரே கைவிட்ட பிறகு குடித்தால்தான் என்ன என்று கேட்டார்.

உலகம்மாள் மறுக்கவில்லை. நாளை ஆஸ்பத்திரியில் வயிற்று நீரை எடுக்கப் போகிறார்கள், அதில் புற்றுச் செல்கள் மிதக்கும், டாக்டரிடம் சொல்லி வைக்கிறேன், வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்.

"முதல்ல அது குடிக்கட்டும். செத்துச்சுன்னா நான் குடிக்கேன்."

நம்பிராஜன் அந்த நீரைச் சுழற்றிச் செல்களைப் பிரித்தார். வரிசை வரிசையாகச் சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விட்டார். உடம்பின் சூட்டில் வைத்து, தீனி கொடுத்தார். அவை தட்டில் ஒட்டிக்கொண்டதும் சாற்றை ஊற்றினார். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். எல்லாம் சுருங்கி மிதந்தன.

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, ஆட்டோவில் போனார். செத்துவிட்டன என்று வாசலிலேயே சண்முகவேலிடம் சொன்னார். சண்முகவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு உள்ளே போய் டம்ளரைக் கழுவினார். துண்டால் துடைத்தார். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று கேட்டார்.

உலகம்மாள் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. வயிறு மறுபடி உயர்ந்திருந்தது.

"எத்தனை குழியில செத்துச்சு?"

"எல்லாத்துலயும்."

"ஒண்ணும் ஊத்தாத குழியில?"

நம்பிராஜன் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசையில் மருந்து ஊற்றாமல் விடுவார்கள். அங்கே செல்கள் உயிரோடு இருந்தால்தான், மற்ற வரிசைகளில் கொன்றது மருந்து என்று சொல்ல முடியும். அன்று காலை அவர் முதலில் பார்த்தது அந்த வரிசையைத்தான்.

"அதுலயும் செத்துப்போச்சு மேடம்."

சண்முகவேலுக்குப் புரியவில்லை.

"எப்படியோ செத்துச்சுல்லா. நீதான சொன்ன, செத்தா குடிக்கேன்னு."

"சாறு கொன்னாத்தான குடிக்க. அது சும்மா செத்துருக்கு."

"ஒரு வாய் குடியேன், உலகு."

சண்முகவேல் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். சற்றுப் பொறுத்து அதை ஜன்னல் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, அங்கேயே நின்று தெருவைப் பார்த்தார்.

ஆய்வகத்தில் முன்பிருந்தே வளர்க்கும் செல்கள் சாற்றினால்தான் சாகின்றன, அதில் சந்தேகம் இல்லை என்றார் நம்பிராஜன். அவை யாரோ ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்தவை என்றார் உலகம்மாள். அவள் இறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அவை மட்டும் தட்டில் வாழப் பழகிக்கொண்டன, எந்த ஊர் ஆய்வகத்தில் வைத்தாலும் வளரும் என்றார்.

அடுத்த முறை நீர் எடுக்கும்போது இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன் என்றார் நம்பிராஜன். போன முறையே ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, இனி எடுக்க டாக்டர் பயப்படுகிறார் என்று சண்முகவேல் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

நம்பிராஜனின் குரல் தணிந்துவிட்டது.

"சூடு சரியாத்தான் வச்சேன் மேடம். தீனியும் சரியாத்தான் குடுத்தேன். ஏன் செத்துச்சுன்னே தெரியல."

உலகம்மாள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பொழைக்க என்னை விட்டா வேற இடம் இல்ல, சார்."