தரைத்தளத்துக் கடல் பயணம்

வடுகன்குடிச் சகோதரர்கள் மூன்று பேர். மூளை விஷயத்தில் மகா சிக்கனக்காரர்கள். பிறக்கும்போது கிடைத்ததை இன்னும் பிரிக்கவே இல்லை. மூத்தவர் தெய்வநாயகம் எதையும் தீர விசாரித்துத் தப்பாகச் செய்வார். அடுத்தவர் மாசிலாமணி அதற்கு நியாயம் கண்டுபிடிப்பார். கடைசி உலகநாதன் மெய்சிலிர்ப்பார்.

தெய்வநாயகத்தின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பலில் போவதாக ஏற்பாடு. அவருடைய மனைவி குமுதவல்லி இத்தனை வருஷத்தில் வாய்விட்டுக் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

கப்பல் டெர்மினல் வாசலில் வேன் நின்றதும், அவள் ஓரகத்திகள் இருவரோடும் பெட்டிகளோடும் இறங்கினாள்.

"நாங்க போய் ஏறிக்கிறோம். நீங்க வேனை நிறுத்திட்டு வந்துடுங்க. அங்க என்ன சொல்றாங்களோ அப்படியே செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிச்சுடாதீங்க."

கடைசி எச்சரிக்கை அநாவசியம்.

பார்க்கிங்கில் காக்கிச் சட்டைக்காரர் கையைக் காட்டினார். "கோட்டுக்குள்ள நிறுத்துங்க சார்!"

மூவரும் இறங்கி மாநாடு கூட்டினார்கள்.

"கோட்டுக்குள்ள வேனா?" என்றார் தெய்வநாயகம்.

"கப்பல் விருந்துக்குத் தச்ச கோட்டு மூணு வண்டியில தொங்குதேண்ணே," என்றார் மாசிலாமணி.

"ஒரு கோட்டுக்குள்ள இவ்வளவு பெரிய வண்டி நுழையுமா?"

"அதுக்குத்தானே மூணு!"

உலகநாதனுக்குப் புல்லரித்துவிட்டது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கூரைக்கு ஒன்று. கைப்பகுதிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார்கள். வேன் புது மாப்பிள்ளை மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. காக்கிச் சட்டைக்காரர் கோட்டுகளை அவிழ்த்துக் கையில் கொடுத்து, சாவியை வாங்கித் தானே வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இந்தச் சீட்டைக் கண்ணாடியில ஒட்டுங்க. எழுத்து வெளியே தெரியணும்."

தெய்வநாயகம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இடது பக்கம் சீட்டை ஒட்டி, மாட்டிக்கொண்டார்.

"எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலையேடா."

"வெளியே தெரிஞ்சா போதும்னுதானே அண்ணே சொன்னாரு."

டெர்மினலுக்குப் போக இலவச பஸ் உண்டு. வந்த பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. "அடுத்த பஸ்ல வாங்க," என்று டிரைவர் போய்விட்டார்.

அடுத்தது காலியாக வந்தது. தெய்வநாயகம் தம்பிகளைத் தடுத்தார். "நில்லுங்கடா. இது இந்த பஸ். நமக்குச் சொன்னது அடுத்த பஸ்."

அதற்கடுத்ததும் வந்தது. வந்து நின்றதுமே பாவம், அதுவும் 'இந்த பஸ்' ஆகிவிட்டது. இப்படியே பஸ்கள் ஒவ்வொன்றாகத் தகுதி இழந்தன. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு டிரைவர் இறங்கி வந்து, "யோவ், இதை விட்டா அடுத்த பஸ்ஸே கிடையாது!" என்று கத்தினார்.

மாசிலாமணி கண்ணை மூடி யோசித்தார். "போன பஸ்ஸைக் கேட்டா, அது இதைத்தான் அடுத்த பஸ்னு சொல்லும் அண்ணே."

அந்த ஒப்பற்ற வாதத்தின் பேரில் ஏறினார்கள்.

சோதனையெல்லாம் முடிந்து காத்திருப்புக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஜிலுஜிலு ஏசி. கால் புதையும் கம்பளம். சோபா. காபிக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முழுக்கக் கடல்.

"கப்பல்னா இது கப்பல்!" என்றார் உலகநாதன். "துளிகூட ஆடலை பாருங்க."

"பெரிய கப்பல் ஆடாதுடா," என்று தெய்வநாயகம் சோபாவில் சாய்ந்தார்.

ஒலிபெருக்கி அலறியது: "இது கடைசி அழைப்பு. பயணிகள் உடனே கப்பலில் ஏறவும்."

"யாரோ பாவம், இன்னும் ஏறலை போலிருக்கு," என்று மூவரும் காபியை உறிஞ்சியபடி உச்சுக் கொட்டினார்கள்.

ஊழியப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "சார், நீங்க கப்பலுக்குப் போகலையா?"

"போய்த்தான் வந்து உக்காந்திருக்கோம்மா," என்றார் தெய்வநாயகம். வழியனுப்ப வந்தவர்கள், கப்பல்வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் நகர்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. குமுதவல்லி.

"என்னங்க, எங்க இருக்கீங்க? கப்பல் பூரா தேடிட்டேன்!" குரல் உடைந்திருந்தது.

"கப்பல்லதான். தரைத்தளம், சோபாவுல."

"கப்பல்ல ஏதுங்க தரை? ஐயோ, வெளியே என்ன தெரியுது?"

"ஒரு கப்பல் போகுது குமுதம். மேல்தட்டுல உன்னை மாதிரியே ஒரு பொம்பளை தலையில அடிச்சுக்கிட்டு போன் பேசுது. எந்த மடையனுக்கு வாக்கப்பட்டுதோ!"

மறுமுனையில் ஒரு கேவல். பிறகு போன் கட்டாகிவிட்டது.

தெய்வநாயகம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது?"

"அண்ணி அவசரத்துல வேற கப்பல்ல ஏறிட்டாங்க," என்றார் மாசிலாமணி வருத்தத்தோடு. "கொஞ்சம் யோசிச்சு ஏறியிருக்கலாம்."

இதற்குள் உலகநாதனுக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றியது. எலுமிச்சம்பழம் கேட்டு அலைந்துகொண்டிருந்தார்.

விளக்குகளை அணைத்துக்கொண்டே காவலாளி வந்தார். "எல்லாரும் வெளிய போங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

"அதுக்குள்ள வந்தாச்சா!" என்று தெய்வநாயகம் எழுந்தார்.

வெளியே ஓர் ஆட்டோ வந்து உரசி நின்றது. "எங்க சார் போவணும்? குந்து, மீட்டருக்கு மேல பாத்துக் குடு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகநாதனுக்குக் கண் கலங்கியது. "கடல் தாண்டி வந்தும் நம்ம மெட்ராஸ் தமிழை எப்படி வளர்த்து வெச்சிருக்காங்க அண்ணே!"

தெய்வநாயகம் மனைவிக்குப் போன் போட்டார்.

"அழாதே குமுதம். நாங்க இலங்கை வந்து இறங்கியாச்சு. உன் கப்பல் மட்டமான கப்பல் போலிருக்கு, மெதுவா வரட்டும். அதுக்குள்ள இங்க நல்ல ஓட்டலா பாத்து ரூம் போட்டு வைக்கிறோம்."