டவாலிச் சாமி கூப்பிட்ட பெயர்கள்

“சாமி, நான் கண்ணை மூடின பிறகு என் பிள்ளைங்க கோர்ட்டுக்குன்னு ஒத்தைப் பைசா செலவழிக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் ரத்தினசாமி. எண்ணெய் மில் முதலாளி. வயது எழுபத்திரண்டு.

எதிரே உட்கார்ந்திருந்தவரை டவாலிச் சாமி என்பார்கள். காவி கட்டுவதற்கு முன்னால் முப்பது வருஷம் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வழக்கு வந்ததும் வாசலில் நின்று, கட்சிக்காரர் பெயரையும் சாட்சி பெயரையும் மும்முறை கூவுவது அவர் வேலை. இப்போது மலையடிவாரத்தில் ஓட்டுக் குடிசை, நாலு தென்னை. கூவிக் கூப்பிட ஆள் இல்லை.

“என்ன பயம் அண்ணாச்சி?”

“எங்க அண்ணன் உயில் எழுதி வச்சுட்டுத்தான் போனார். அது நிஜம்னு நிரூபிக்க அவர் பிள்ளைங்க பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடையா நடந்தாங்க. தோட்டத்தை வித்து வழக்கு நடத்தினாங்க. கடைசியில உயில் ஜெயிச்சுது. தோட்டம்தான் இல்லை.”

“நீங்க எழுதியாச்சா?”

ரத்தினசாமி மஞ்சள் பையிலிருந்து உயிலை எடுத்தார். மூன்றே பக்கம். இரண்டு வக்கீல்களைக் கேட்டு எழுதியது.

“பதிவும் பண்ணியாச்சு சாமி.”

“பதிவான உயிலுக்கும் நான் பெயர் கூப்பிட்டிருக்கேன்.”

ரத்தினசாமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஆனாலும் ஆறு மாதமாக மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அல்லது, தெரிந்துதான் இருந்தது.

சாமி கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார். இடுப்பில் கைவைத்து நின்றார்.

“சாட்சி சங்கரலிங்கம்! சங்கரலிங்கம்! சங்கரலிங்கம்!”

தென்னையிலிருந்து ஒரு குரங்கு குதித்து ஓடியது. மலை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கியது.

“சாமி, அவர் போன தை மாசமே தவறிட்டார்.”

சாமி திரும்பவில்லை.

“சாட்சி அருளானந்தம்! அருளானந்தம்! அருளானந்தம்!”

“அவர் இருக்கார். ஆனா ஞாபகம் தப்பிடுச்சு. போன வாரம் பார்க்கப் போனேன். என்னைக் கரண்டு ஆபீஸ்காரன்னு நினைச்சு, மீட்டர் அந்தப் பக்கம் இருக்குன்னு கை காட்டினார்.”

சாமி வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு பேரும் உங்களுக்கு மூத்தவங்களா?”

“ஆமா. பெரிய மனுசங்க கையெழுத்து போட்டா ஒரு மரியாதைன்னு...”

“மரியாதைதான். வராத ஆளைக் கூப்பிட்டே சம்பளம் வாங்கினவன் நான். சாட்சி வராத வாய்தாவுக்கும் வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு அண்ணாச்சி.”

ரத்தினசாமிக்கு முகம் தெளிந்தது. அரித்தது இதுதான் போல. அவ்வளவுதானா?

“நாளைக்கே மாத்தி எழுதிடறேன். முப்பது வயசுக்காரங்களா ரெண்டு பேரைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கறேன்.”

“நல்லது.”

ரத்தினசாமி உயிலை மடித்தார். எழுந்தார். சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளே என்ன எழுதியிருக்கு?”

ரத்தினசாமி வாசல் பக்கம் பார்த்தார். குனிந்து, சாமியின் காதருகே சொன்னார்.

“மில்லு மகனுக்கு. வீடு மகளுக்கு.”

“ஏன் இவ்வளவு மெதுவா?”

“மகன் வெளியே கார்ல இருக்கான்.”

“அவனுக்குத் தெரியாதா?”

“வீடும் தனக்குத்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கான். மாடி எடுக்கணும், மேலே ரெண்டு ரூம் போடணும்னு பிளான்கூடப் போட்டு வச்சிருக்கான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தலையாட்டினேன்.”

“எத்தனை வருஷமா?”

ரத்தினசாமி உயிலை இன்னொரு மடிப்பு மடித்தார். தொழிலாளியிடம், வியாபாரியிடம், வரி ஆபீசரிடம் முகத்துக்கு நேரே பேசியவர் அவர். மகனிடம் மட்டும் ஏன் தலை தானாக ஆடுகிறது? வீடு மகளுக்கு என்று முடிவு செய்ததில் அவருக்குச் சந்தேகமே இல்லை. படுக்கையில் கிடந்த தன் அம்மாவை அந்த வீட்டில் மூன்று வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். எழுதக் கை வந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

“நான் போன பிறகு தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன் சாமி.”

“அப்போ கோர்ட்டுலதான் தெரிஞ்சுக்குவான்.”

சாமி மறுபடி எழுந்தார். வாசலுக்குப் போனார். இடுப்பில் கைவைத்தார்.

“சாமி, வேண்டாம்.”

“ரத்தினசாமி மகன் ஜெகதீசன்!”

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஜெகதீசன்!”

மூன்றாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

“என்னாச்சு? அப்பாவுக்கு ஏதும் முடியலையா?”

சாமி அடுப்படிக்குப் போய் முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

“என்னப்பா? கையில என்ன அது?”

மஞ்சள் பை பக்கத்திலேயே இருந்தது. உள்ளே போட்டுவிடலாம். ‘ஒண்ணுமில்லப்பா’ என்று தலையாட்டிவிடலாம்.

ரத்தினசாமி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்து உட்காரு. தங்கச்சிக்குப் போன் போடு. அவளுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடு.”

மணி இரண்டு தரம் அடித்தது.

“சொல்லுண்ணே,” என்றாள் மகள்.

“அப்பா ஏதோ படிக்கப் போறாராம். இரு.”

ரத்தினசாமி முதல் பக்கத்தைப் பிரித்தார். தொண்டை வரை வந்த குரல் உதட்டுக்கு வருவதற்குள் பாதியாகிவிட்டது.

“சத்தமா,” என்றார் சாமி, முறத்திலிருந்து தலை தூக்காமல்.