முதல் மாத்திரை போஜனுக்கு

ஊட்டி கோல்ஃப் ஆட்டக்காரர் ஜெயசிம்மனுக்குப் பேர் பெரிசு, உயிர்ப்பயம் அதைவிடப் பெரிசு. கை நடுங்காமலிருக்க டாக்டரிடம் எழுதி வாங்கிய மாத்திரை, போட்டி நடத்துபவர்கள் தடை செய்தது. அதையும் தினமும் முதலில் தன் பை சுமக்கும் போஜனுக்குக் கொடுத்து, ஆள் சாகவில்லை என்று பார்த்த பிறகே விழுங்குவார்.

போட்டியன்று ஊக்கமருந்துச் சோதனைக்கு ஆள் வந்துவிட்டது. ஜெயசிம்மன் போஜனை ஓரமாக இழுத்தார்.

"யோவ் போஜா, இந்தக் குப்பியில உன் சிறுநீரைப் பிடிச்சுக் கொடு. மாட்டேன்னா வேலை போச்சு!"

போஜன் நிரப்பிக் கொடுத்தார்.

மருந்து இருப்பதாக முடிவு வந்தது. விசாரணையில் ஜெயசிம்மன் எகிறிக் குதித்தார். "அது என்னோடதே இல்ல! இவனோடது!"

அதிகாரி போஜனிடம் திரும்பினார். "நீங்க என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"ஐயாவோடதுதாங்க. நான் சாகலேன்னாதான் அவரு முழுங்குவாரு."

"அன்னிக்கு முழுங்கினாரா?"

"நான்தான் சாகலையேங்க."