விளக்கு வளர்த்த சங்கம்

“‘ஒரு மொளகாச் செடிய உயிரோட வச்சிருக்கத் தெரியாத வீட்டுல மனுசரு எப்பிடித்தான் உயிரோட இருக்காவளோ.’ இது உங்க அக்கா சொன்னது. ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், வாசல்ல நின்ன மீன்காரம்மா வரைக்கும் கேட்டுச்சு.”

எமல்டா இதைச் சொன்னபோது அவள் கணவர் அமலதாஸ் இட்லியின் நடுவில் குழி பறித்துச் சாம்பாருக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“அக்கா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா,” என்றார்.

“அடுத்த வரியும் கேளுங்க. ‘இருபத்திமூணாந் தேதி வாறேன். செடி பச்சையா நின்னா ரெண்டே நாள்ல திரும்பிருவேன். வாடிக் கெடந்தா அது தேறுத வரைக்கும் அங்கயே இருந்து பாத்துட்டுதான் போவேன்.’ போன தடவை உங்க இருமல் தேறுற வரைக்கும் இருந்தாங்க. நாலு மாசம்.”

அந்த நாலு மாசத்தில் எமல்டாவின் அடுக்களையில் உப்பு ஜாடி இடம் மாறியது, புளிப் பானை இடம் மாறியது, கடைசியில் எமல்டாவே இடம் மாறி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அதனால் இந்த விஷயத்தில் அவளுக்கு விளையாட்டே இல்லை. இருபத்திமூன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம். நாகர்கோவிலிலிருந்து அந்த அக்கா, அதாவது எமல்டாவின் ஞானப்பூ மதினி, கொடுத்தனுப்பிய ஊசிமிளகாய்ச் செடியோ, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டு நின்றது.

குற்றம் செடியின் மேல் இல்லை. திருச்சியில் அந்தக் குடியிருப்பைக் கட்டிய காலத்தில் பால்கனி முழுக்க வெயில்தான். எதிரே ஒரு கல்யாண மண்டபம் நாலு மாடிக்கு எழும்பியதும், வெயில் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குக் கிளம்பிவிடுகிற விருந்தாளி ஆகிவிட்டது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே குரங்குகள். ஊசிமிளகாயைக் குரங்கு தின்னாது. ஆனால் தின்னக்கூடாது என்பதைத் தின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

“தெருமுனைல எலெக்ட்ரீஷியன் இஸ்மாயில் இருக்காரே, வீட்டுக்குள்ள செடி வளர்க்க விளக்கு உண்டாமே, அதைக் கேட்டுட்டு வாங்க,” என்று எமல்டா கணவரை அனுப்பினாள். இந்தக் கதையில் அவள் செய்த ஒரே தப்பு இதுதான்.

அமலதாஸ் எதையும் தனியாகச் செய்கிறவர் இல்லை. குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர் அவர். செயலாளர், மூன்றாம் மாடியில் இருக்கும் புலவர் திருமேனி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மூன்றாமவர் குருசாமி, லிஃப்ட் பொறுப்பாளர். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பன்னிரண்டு வருடமாக லிஃப்ட் பற்றி ஒரு புகார்கூட வராததற்கு அவருக்குப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள்.

மூவருமாகக் கடைக்குப் போனார்கள். இஸ்மாயில் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்: “க்ரோ லைட்டா? சுருள் சுருளா இருக்குமே, அந்த சி.எஃப்.எல். பல்பு போதும் சார். மலிவா முடிஞ்சிரும். சூடு வர்றது அடிக்கட்டைலதான், சோக்கு அதுக்குள்ள இருக்கு. அடியைக் கழட்டித் தள்ளி வெச்சுட்டா குழல் சூடில்லாம ஜில்லுனு எரியும். செடிக்கும் அதுக்கும் நாலு விரல் இருக்கட்டும். தினமும் ஆறு மணி நேரம் இருட்டு குடுங்க. ஆனா நீங்களா கழட்டிராதீங்க. வியாழக்கிழமை நான் வந்து செஞ்சு தர்றேன்.”

புலவர் எல்லாவற்றையும் சங்கத்தின் நோட்டில் எழுதினார். ‘க்ரோ லைட்’ என்று எழுதக் கை கூசியதால் ‘வளர்விளக்கு’ என்று தமிழாக்கி எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குருசாமி தன் வீட்டிலிருந்து ஒரு பல்பைக் கொண்டுவந்தார். எமல்டா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, இது ஃப்யூஸ் போனது.”

“தெரிஞ்சுதாம்மா எடுத்தாந்தேன். கரண்டே இழுக்காது. இதைவிட மலிவா எங்கயும் கெடைக்காது.”

“நீங்களா கழட்டாதீங்கன்னு அவர் சொல்லலையா?”

“உங்க வீட்டுக்காரரைப் பாத்துத்தான் சொன்னாரு. என்னைப் பாக்கவே இல்லையே,” என்று குருசாமி அடிக்கட்டையைத் திருகிக் கழற்றி, குழலைப் பூப்போல ஒரு தட்டில் வைத்தார்.

இப்போது அடிக்கட்டையைத் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்று இஸ்மாயில் சொல்லவில்லை. கூடத்து மூலை போதும் என்றார் அமலதாஸ். சூடு ஊர்ந்து வந்துவிடும் என்றார் குருசாமி. அரைமணி நேர விவாதத்துக்குப் பிறகு, மூன்றாம் மாடியில் புலவர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. குருசாமி படியேறிப் போய் வைத்துவிட்டு மூச்சு வாங்க வந்தார். மூவரும் குழலைத் தொட்டுப் பார்த்தார்கள்.

“ஜில்லுனு இருக்கு,” என்றார் அமலதாஸ்.

“நானும் உணர்கிறேன்,” என்றார் புலவர்.

“எரியலையே,” என்றாள் எமல்டா.

“ஜில்லுனு எரியும்னுதானே சொன்னாரு? ஜில்லு வந்துருச்சு. எரியுறது ஒண்ணுதான் பாக்கி. ஒரே நாள்ல பாதி வேலை முடிஞ்சிருக்கு, அதைப் பாராட்ட உனக்கு மனசு வரலை.”

கோபம் வந்தால் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். எமல்டா இங்கிலீஷில் எண்ண ஆரம்பித்தாள். ஏழு வருவதற்குள் குருசாமி குழலுக்கும் செடிக்கும் நடுவில் தன் வலக்கை விரல்கள் நாலையும் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“அளந்தாச்சுல்ல அண்ணே, கையை எடுங்க.”

“எடுத்தா நாலு விரல் எப்பிடிம்மா இருக்கும்? இருக்கட்டும்னுதானே சொன்னாரு?”

மதியச் சாப்பாட்டை அவர் இடக்கையால் சாப்பிட்டார். மூன்று மணிக்கு அமலதாஸ் தன் விரல்களைக் கொடுத்து அவரை விடுவித்தார். அமலதாசின் விரல் குருசாமியின் விரலைவிடப் பருமன். அதனால் செடியை ஒரு நூல் தள்ளி வைத்தார்கள். வேலையில் அவ்வளவு துல்லியம்.

மறுநாள் இருட்டு கொடுக்கும் வேலை. ஆறு மணி நேரம் இருட்டு என்றால் எப்போது கொடுப்பது? ராத்திரியில் கொடுக்கலாமே என்று எமல்டா கேட்டாள்.

“ராத்திரிதான் ஏற்கெனவே இருட்டா இருக்கே,” என்றார் அமலதாஸ். “இருக்கிற இருட்டை நாம எப்பிடிக் குடுக்க முடியும்?”

ஆகவே காலை பத்திலிருந்து மாலை நாலு வரை செடிக்கு மேல் ஒரு பெரிய கறுப்புக் குடை பிடித்தார்கள். பத்து மணி வெயில் வழக்கம்போல வந்தது, குடையைப் பார்த்தது, பதினொன்றுக்குப் போய்விட்டது. புதன்கிழமைக்குள் செடி ஐந்து இலைகளை உதிர்த்தது. மிச்சமிருந்தவை ஒன்பது. எமல்டாவின் காதில் புளிப் பானை நகரும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை இஸ்மாயில் பையோடு வந்தார். குடையைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், தட்டில் கிடந்த குழலைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“குழலை மட்டும் உடைச்சிராதீங்க சார்,” என்றார் கடைசியில். “உள்ள பாதரசம் இருக்கு.”

புலவர் நிமிர்ந்தார். “உள்ளே ரசம் இருக்கிறதா?”

“பாதரசம்.”

“எந்த ரசமானால் என்ன. உள்ளே சாறு இருக்கிறது என்பதுதான் செய்தி.” அவர் நோட்டைத் திறந்தார். “தலைவரே, மூன்று நாளாக ஒரு பெரும்பிழை செய்துகொண்டிருக்கிறோம். இது என்ன விளக்கு?”

“வளர்விளக்கு,” என்றார் அமலதாஸ்.

“ஊறுகாய் என்கிறோமே, அதில் ஊறுவது யார்?”

“காய்,” என்றார் குருசாமி.

“வளர்விளக்கில் வளர்வது யார்?”

மிளகாய்ச் செடி இன்னொரு இலையை உதிர்த்தது.

“விளக்கு,” என்றார் குருசாமி.

“வினைத்தொகை. வளர்ந்த விளக்கு, வளர்கின்ற விளக்கு, வளரும் விளக்கு. முக்காலத்திலும் வளர்வது விளக்குதான்.”

“அப்போ செடி?” என்றார் அமலதாஸ்.

“அந்தச் சொல்லில் செடியே இல்லையே ஐயா. எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.”

காட்ட முடியவில்லை. அந்தப் பெயரை வைத்தவரே புலவர்தான் என்பது அவர் உட்பட யாருக்கும் நினைவில்லை. குழலை ஒரு மண்தொட்டியில் நட்டார்கள். கொடி மாதிரிச் சுருண்டு நின்றது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றினார்கள், பற்றிக்கொள்ள.

எமல்டா பத்துவரை எண்ணவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம்.

“புலவர் ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள். “நீங்க மூணு பேரும் பால்கனியிலயே இருந்து விளக்கைப் பாத்துக்குங்க. இந்தச் செடி உங்க கவனத்தைக் கெடுக்கும், நான் உள்ள கொண்டுபோயிடறேன்.”

அடுக்களை மேடை ஓரத்தில் செடியை வைத்தாள். இஸ்மாயில் ஒரு முழு பல்பை, எதையும் கழற்றாமல், மாட்டவும் எடுக்கவும் வசதியாக ஒரு கொக்கியில் ஹோல்டரோடு தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டார். எரிந்தது.

“இவ்வளவுதான் வேலை, அக்கா,” என்றார்.

“தெரியும் தம்பி. காபி குடிச்சிட்டுப் போங்க.”

அதற்குப் பிறகு வீடு இரண்டாகப் பிரிந்து நிம்மதியாக இருந்தது. அடுக்களையில் செடி முதல் வாரம் யோசித்தது, இரண்டாம் வாரம் தளிர்விட்டது, அப்புறம் ஊசி முனை அளவுக்கு இரண்டு மிளகாய் பிடித்தது. பால்கனியில் சங்கம் காலையும் மாலையும் விளக்குக்குத் தண்ணீர் ஊற்றி, தையற்காரர் டேப்பால் அளந்து, நோட்டில் எழுதியது. தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் இறங்கிற்று. மண் இறங்க இறங்கக் குழல் வெளியே தெரிந்தது.

“அரை விரற்கடை வளர்ந்திருக்கிறது,” என்று புலவர் அறிவித்தார்.

“ரொம்ப சந்தோஷம் ஐயா,” என்றாள் எமல்டா, அரிசி களைந்தபடி. இருபத்திமூன்றாம் தேதி வரைக்கும் அது வானம் வரை வளர்ந்தாலும் அவளுக்குச் சம்மதம்.

சொன்ன தேதியில் ஞானப்பூ மதினி ஒரு பெட்டி, இரண்டு பை, ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றியதும் அடுக்களைக்குத்தான் போனாள். இலைகளை எண்ணினாள். அடிப்பக்கம் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு பிஞ்சைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

“கேட்டியா பிள்ளே, நல்ல உறைப்பு. நான் சொன்னத வாபஸ் வாங்கியாச்சு. நாளான்னைக்கு ரயிலேறிருவேன், எனக்கும் அங்க சோலி கெடக்கு.”

எமல்டா தன் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சிரித்ததில்லை. “இருந்துட்டுப் போகலாமே மதினி,” என்று சொல்லிவிட்டு, அதை மதினி கேட்டுவிடக் கூடாதே என்று மீன் சட்டியைச் சத்தமாக அடுப்பில் வைத்தாள்.

மதினி ஈரத் துண்டை உலர்த்தப் பால்கனிக்குப் போனாள். துண்டு உதறும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

“எலே தாசு,” என்று மெல்லக் குரல் வந்தது. “இது என்னதுடே?”

“வளர்விளக்குக்கா.”

“நட்டு எத்தன நாளாச்சு?”

“பதினெட்டு நாள்.”

“எரிஞ்சுதா?”

“இன்னும் இல்லக்கா. வளருது. எரியலை.”

மதினி உட்கார்ந்து மண்ணை அழுத்திப் பார்த்தாள். குழலைத் தட்டிப் பார்த்தாள். “எப்பிடி எரியும்? வெயில் இல்லாத எடத்துல வச்சிருக்கிய. ஒரு பொட்டுப் பச்சை இல்லாம வெளுத்துப் போயி நிக்கி. இதுக்கு வேரு எங்க?”

மூவரும் மேலே கையைக் காட்டினார்கள்.

“மூணாவது மாடியில,” என்றார் குருசாமி. “அலமாரில.”

“வேர வெட்டி மாடியில வச்சுப் பூட்டிட்டு, விளக்கு எரியலன்னு உக்காந்திருக்கிய. பாவம் இது.” மதினி எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “எலே தாசு, என் பெட்டிய உள்ள கொண்டு வை. செடி தேறிட்டு, சரி. இது தேறுத வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்.”

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வேரை எடுத்துவரக் குருசாமி மாடிக்கு ஓடினார். மதினி அடுக்களைக்குள் வந்து, மிளகாய்ச் செடிக்கு மேலே எரிந்த விளக்கை ஸ்விட்சை அணைத்துக் கொக்கியோடு கழற்றிக்கொண்டு போனாள். அதைப் பால்கனியில், நட்டு வைத்த விளக்குக்கு மேலே, வெளிச்சம் விழும்படி தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். திரும்பி வந்த குருசாமி, அடிக்கட்டையை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, இரண்டு விளக்குக்கும் நடுவில் நாலு விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது மணி பத்து. மண்டபத்துக்குப் பக்கவாட்டிலிருந்து வெயில் எட்டிப் பார்த்தது. அமலதாஸ் கறுப்புக் குடையை விரித்தார். குடைக்கு அடியில் நாலு தலைகளும் நெருங்கின. விளக்குக்கு உறக்க நேரம், இனி நாலு மணி வரை யாரும் பேசக்கூடாது என்று புலவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

“மதினி,” என்றாள் எமல்டா, இருண்ட அடுக்களை வாசலில் கையில் கரண்டியோடு நின்று. “அந்த எரியுற விளக்கை மட்டும் திருப்பிக் குடுத்திருங்க. செடி உள்ள இருட்டுல நிக்குது.”

குடை அசையவில்லை.

“ஏங்க, நீங்களாவது எடுத்துக் குடுங்களேன்.”